எந்த ஊதா?

ஜனவரி 12

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

அண்ணி எழுதுவது. நான் சுகம், இருமல் மட்டும் விட்டபாடில்லை. மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. மற்ற வம்பெல்லாம் அப்புறம். இதையும் நீ அவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டுவாய் என்று தெரியும். உன் அண்ணன் போன செய்தி போனில் வந்த நாளிலிருந்து அவர் போனைத் தொடுவதில்லை. எனக்கும் அந்த மணிச் சத்தம் கேட்டால் எடுக்கத் தோன்றுவதில்லை. நமக்குக் கடிதமே நல்லது.

ஒரு சேதி. மியூசியத்தில் என்னைப் பை வாங்கி டோக்கன் கொடுக்கும் கவுண்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி அறைப் படங்களைச் சுற்றிக் காட்ட வேண்டும். எல்லாம் இம்ப்ரெஷனிஸ்ட் என்ற வெளிநாட்டு ஓவியர்கள் காலத்தவை, நூற்றைம்பது வருஷத்துப் பழசு. கிட்டே போனால் திட்டுத் திட்டாகப் பெயிண்ட், எட்டி நின்றால் தோட்டம், ஆறு, ரயில் புகை. முகத்தை இவர்கள் ஒழுங்காக வரைவதே இல்லை. ஆள் சந்தோஷமா, துக்கமா என்று நிறத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்கிறார் மேலாளர் அம்மா.

இவர்களில் பலர் நிழலுக்குக் கருப்பே தொடவில்லையாம். கருப்பில்லாமல் நிழல் எப்படியடி? பின்கட்டில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கேட்டேன். "எனக்கு ஓரம் மட்டும்தாங்க தெரியும், நடுவுல இருக்கறது உங்க பாடு" என்று சொல்லிவிட்டார். பெயிண்ட் கடையில் நாள் முழுக்க நிற்கிறவள் நீ. நீ சொல்.

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

நாத்தனார் கொடுமை என்று ஊர் உலகம் பேசுகிறதே, அதைச் செய்ய எனக்கு ஒரு வாய்ப்பாவது கொடுத்தீர்களா? பட்டணத்துக்குப் போய் மியூசியம் சுற்றுகிறீர்கள். இருக்கட்டும். இங்கே நான் சௌக்கியம். என் வீட்டுக்காரர் லாரியோடு போயிருக்கிறார், வர ஒரு வாரம் ஆகும். அப்பா முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு பக்கத்தில்தான் இருக்கிறார். எழுத எழுத வாசித்துக் காட்ட வேண்டுமாம்.

உங்கள் கேள்விக்காகக் கடை மூடும் நேரத்தில் ஒரு சோதனை செய்தேன். வெள்ளைச் சுவர்ப் பக்கம் மஞ்சள் பல்பைப் போட்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சமும் விழும்படி கையை நீட்டினேன். நிழல் கருப்பாக இல்லை, அண்ணி. நல்ல நீலம். நானே பயந்துவிட்டேன். வெளிச்சம் மஞ்சளாக அடித்தால் நிழல் அதற்கு எதிர்ப் பக்கத்து நிறத்துக்கு ஓடிவிடுகிறது. உங்கள் ஓவியர்கள் பொய் சொல்லவில்லை. நாம்தான் இத்தனை நாள் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

நிறத்தை வைத்து மனசைக் கண்டுபிடிப்பது என் அன்றாடப் பிழைப்பு. படுக்கை அறைக்கு நீலம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் யாரோடோ பேசாமல் இருப்பவர்கள். சாம்பல் நிறம் கேட்கிறவர் மனைவியைக் கேட்காமல் வந்தவர். மறுநாள் மாற்ற வருவார். சந்தேகம் எது வந்தாலும் எழுதுங்கள், நான் இருக்கிறேன்.

அண்ணன் போட்டோ சுவரிலிருந்து விழுந்துவிட்டது. கண்ணாடி தப்பித்தது, சட்டம் ஒரு மூலையில் பிரிந்துவிட்டது. டேப் சுற்றி மாட்டியிருக்கிறேன். "என்ன, பேண்டேஜா?" என்று அப்பா கேட்கிறார். இருமலுக்கு மருந்து சாப்பிடுங்கள்.

உங்கள்,
முந்திரிக்கொட்டை

பிப்ரவரி 26

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

மாமாவுக்கு என் வணக்கம். இருமல் போயே போய்விட்டது. உன் மஞ்சள் பல்பு சோதனையை அப்படியே குழுவுக்குச் செய்து காட்டினேன். சட்டக்காரர்தான் பல்பு பிடித்துக்கொண்டு நின்றார். குழந்தைகள் எல்லாம் தங்கள் நிழலைப் பார்த்துக் கத்தின. அந்தக் காலத்தில் இந்த ஓவியர்களுக்குக் கண்ணில் கோளாறு என்று பத்திரிகைக்காரர்கள் கிண்டல் செய்தார்களாம். சட்டக்காரர் அதைக் கேட்டு, "பாக்கறவங்களுக்குக் கோளாறுன்னா அதுக்குப் பேரு விமர்சனம்" என்றார். நல்ல மனிதர், மனைவியை இழந்தவர். மதியம் பட்டறைப் படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். அவர் உடம்பெல்லாம் மரத்தூள். என் கைப்பையைத் திறந்தால்கூட இப்போது மரத்தூள் வாசனைதான்.

இனி முக்கியமானது. மாடி அறைக் கோடியில் ஒரு படம் இருக்கிறது. பெரிய ஓவியர் இல்லை, பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. தோட்டத்தில் ஒரு மேஜை, வெள்ளை விரிப்பு, இரண்டு கோப்பை. ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். முகம் நாலு தீற்றல்தான். எதிர் நாற்காலி காலி. படத்தின் கீழ் விளிம்பிலிருந்து, நாம் நிற்கிற பக்கத்திலிருந்து, ஓர் ஆணின் நிழல் விரிப்பின் மேல் விழுகிறது. ஆள் படத்தில் இல்லை. நிழல் அவள் கை வரைக்கும் வந்திருக்கிறது. அவள் கையை எடுக்கவில்லை.

"இந்தம்மா சந்தோஷமா இருக்காங்களா, துக்கமா இருக்காங்களா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்துவிட்டேன். நீ சொல்லேன். அந்த நிழல் ஊதா. மற்றதெல்லாம் பச்சையும் வெள்ளையும். அவள் யாருக்காக உட்கார்ந்திருக்கிறாள்? கையை அங்கேயே வைத்திருந்தால் தப்பா? மாமாவையும் கேட்டு எழுது. அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

சட்டக்காரரும் என்னை ஒன்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை. உன் கடிதம் வந்த பிறகு சொல்கிறேன் என்றேன்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமே நாடுகிறேன். இது ஒரு கேள்வியா? கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், துக்கம்தான்.

ஊதா என்றாலே ஆறிப்போன நிறம். தூரத்து மலை, விடியாத வானம், ஆள் இல்லாத அறை. எங்கள் கடையில் ஊதா வாங்கிப் போகிறவர்கள் மறுபடி சிரித்துக்கொண்டு வந்ததே இல்லை. அந்த ஆள் போய்விட்டார், அண்ணி. நிழலை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதனால்தான் நாற்காலி காலி. அவள் இரண்டாவது கோப்பையை எடுத்து வைக்காமல், அந்த நிழலிலேயே கை வைத்துக்கொண்டு, அவர் நினைப்போடு உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண், உங்களைப் போல. வேறு யார் வந்து உட்கார்ந்தாலும் அந்த நாற்காலி நிறையாது. குழுவிடம் இப்படியே சொல்லுங்கள், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இதுவரை எழுதியதை அப்பாவிடம் வாசித்தேன். கொஞ்ச நேரம் அண்ணன் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தூங்கப் போய்விட்டார்.

சட்டக்காரர் என்ன கேட்டார்? உங்கள் சம்பளத்தில் கைமாற்றா? கொடுக்காதீர்கள்.

உங்கள்,
முந்திரிக்கொட்டை

ஏப்ரல் 17

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

நான் நலம். மாமாவுக்கு வணக்கம் சொல். அவர் முழங்காலுக்கு ஓர் உறை வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரவில் கழற்றிவிட வேண்டும்.

படத்தைப் பற்றி நீ எழுதியதற்கு நன்றி. நீ சொன்னபடியே குழுவுக்குச் சொல்கிறேன். கேட்கிறார்கள். வேலை நிறைய இருப்பதால் நீளமாக எழுத முடியவில்லை.

அன்புடன்,
அண்ணி

மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

முழங்கால் உறை கச்சிதம். அப்பா அதைக் காலில் மாட்டிக்கொண்டு தெரு முனை வரை நடந்துவிட்டு வந்து, போலீஸ்காரர் மாதிரி நெஞ்சை நிமிர்த்துகிறார். நன்றி, நன்றி என்று அவர் சொல்லச் சொன்னார். இரண்டு நன்றியையும் எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம்தான் கொஞ்சம் கஞ்சத்தனமாக இருந்தது. வாசிக்க ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிட்டது. இரண்டாம் முறை வாசித்ததும் அப்பா, "சட்டக்காரரைக் காணோமே?" என்று கேட்டார். ஏதாவது ஊருக்குப் போயிருப்பார் என்றேன். இவருக்கு எதற்கு அந்தக் கவலை என்று தெரியவில்லை.

உடம்பு நன்றாக இருக்கிறதா? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்,
முந்திரிக்கொட்டை

ஜூலை 14

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை.

படம் காட்டும் வேலையை விட்டுவிட்டேன். நானேதான் கேட்டுப் பழைய கவுண்டருக்கே வந்துவிட்டேன். பை வாங்கினால் டோக்கன், டோக்கன் கொடுத்தால் பை. யாரும் எதுவும் கேட்பதில்லை, நிம்மதியாக இருக்கிறது. மியூசியத்துக்கு வேறு ஊரில் ஒரு கிடங்கு இருக்கிறது. அங்கே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதக் கடைசியில் முடிவு தெரியும்.

நீங்கள் இருவரும் எனக்குச் செய்ததெல்லாம் மறக்க முடியாது. பிறந்த வீட்டில்கூட என்னை இப்படி வைத்துக்கொண்டதில்லை. அந்த வீட்டு மனுஷியாகவே இருப்பேன். மாமாவிடம் சொல்.

அன்புடன்,
அண்ணி

ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். அவசரம்.

இன்று கடையில் ஒரு கூத்து. பல் டாக்டர் ஒருவர் தன் ஆஸ்பத்திரிச் சுவருக்கு ஊதா கேட்டிருந்தார். நான் மிஷினில் கலக்கி, பெரிய டப்பாவாக அனுப்பி வைத்தேன். மத்தியானம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "ஊதா கேட்டா நீலத்தைக் குடுத்திருக்கீங்க." நான் விடுவேனா? "சார், இதுதான் ஊதா. நாங்க ஊதா மையிலதான் பரீட்சையே எழுதினோம்." அவர், "ஊதான்னா கத்தரிப்பூ கலரும்மா. எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்" என்கிறார். கடையே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. முதலாளி என் கட்சி, கணக்குப் பிள்ளை அவர் கட்சி. டீ கொண்டு வந்தவரைக் கேட்டால், பச்சை இல்லாததெல்லாம் ஊதா என்கிறார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உங்கள் தோட்டத்துப் பெண் ஞாபகம் வந்தது. அந்த நிழல் எந்த ஊதா, அண்ணி? நான் நம் வீட்டு ஊதாவை, அந்த மை நீலத்தை, நினைத்துக்கொண்டு பெரிய மேதாவி மாதிரி தீர்ப்பு எழுதிவிட்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சரியாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். என் தீர்ப்புக்கு முன்னால் பக்கத்துக்குப் பக்கம் சட்டக்காரர், மரத்தூள் வாசனை. தீர்ப்புக்குப் பின்னால் அந்த மனிதரே இல்லை. அப்பா அன்றைக்கே கேட்டார். எனக்குத்தான் உறைக்கவில்லை.

அந்தப் படத்தைத் தபால் அட்டையாக விற்கிறார்கள் என்றால் உடனே ஒன்று அனுப்புங்கள். அதற்குள் எந்தக் கிடங்குக்கும் போகாதீர்கள். நீங்கள் சுகம்தானே?

உங்கள்,
முந்திரிக்கொட்டை

ஆகஸ்ட் 11

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

சுகம். அட்டை இத்துடன் இருக்கிறது.

கத்தரிப்பூ நிறம். என் பிறந்த வீட்டில் ஊதா என்றால் அதுதான். எனக்கு வேறு ஊதா தெரியாது.

இதை மாமாவுக்கு வாசிக்க வேண்டாம். நீ முன்பு எழுதியதுதான் சரி என்று இருந்துவிட்டுப் போகட்டும். அவர் மனம் நோக நான் எதையும் கேட்க மாட்டேன்.

அண்ணி

ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. வாசித்துவிட்டேன். என்னை எத்தனை வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் படம். அட்டையை வாசலுக்குக் கொண்டு போய் வெயிலில் வைத்துப் பார்த்தேன். சிவப்பு கலக்காமல் இந்த ஊதா வராது, அண்ணி. அது எங்கள் மிஷினுக்கே தெரியும். ஆறிப்போன நிழலில் சிவப்புக்கு என்ன வேலை? அதுவும் நிழல் அவள் கையைத் தொடுகிற இடத்தில் ஓவியர் ரோஸ் நிறத்தை ஒரு தீற்று இழுத்திருக்கிறார். அதே ரோஸ்தான் அவள் கன்னத்திலும். முகம் நாலு தீற்றல் என்றீர்களே, அதில் ஒன்று இதுதான். இது போனவர் நிழல் இல்லை. ஆள் நம் பக்கத்தில் நிற்கிறார், இப்போதுதான் வருகிறார், நாற்காலி அவருக்காகத்தான் காலியாக இருக்கிறது. அவள் அவரைப் பார்த்துவிட்டாள். கையை எடுக்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறாள், அண்ணி. எந்தத் தப்பும் இல்லை.

இனி அப்பா. வாசித்து முடித்ததும், "எம் மனசு நோகும்னு அவளுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். நான்தான், வேறு யார்? மார்ச் மாதம் நான் எழுதியதை ஞாபகத்திலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார். வேறு யார் உட்கார்ந்தாலும் நாற்காலி நிறையாது என்ற இடம் வந்தபோது அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"என் பையன் போனான். அது என் தலையெழுத்து. மருமகளையும் சேர்த்தா அனுப்பி வச்சேன்? அவ நல்லா இருக்கான்னு தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கமே வரும்" என்றார். நான் எழுந்து போகப் பார்த்தேன். உட்காரச் சொன்னார்.

"அந்தச் சட்டக்காரரைக் கூட்டிட்டு வரச் சொல்லு. பையன் போட்டோ சட்டம் பிரிஞ்சு கிடக்கு. அவரே வந்து போடட்டும்."

சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை. அண்ணன் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பான். எனக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தவன் அவன்தானே? இவள் முந்திக்கொண்டு உளறினால் நம்பாதே என்று உங்களுக்கு எச்சரிக்கை செய்யத்தான் வைத்தான். நீங்கள் மறந்துவிட்டீர்கள்.

மாற்றல் மனுவைத் திருப்பி வாங்குங்கள். அவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கைமாற்று என்று எழுதினேனே, அதற்கு அவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

உங்கள்,
முந்திரிக்கொட்டை

ஆகஸ்ட் 25

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

உன் கடிதத்தைக் கவுண்டரில் நின்றபடி படித்தேன். ஒருவர் பையை நீட்டிக்கொண்டே நின்றார். நான் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறேன். பாவம், பை கனமாக இருக்கிறதோ என்று அவரே தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் போனார்.

மாற்றல் மனுவைத் திருப்பி வாங்கிவிட்டேன். பிறகு பட்டறைக்குப் போனேன். மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு எப்படிப் பேச்செடுப்பது என்று தெரியாமல், மாமா சொன்ன பகுதியை மட்டும் வாசித்துக் காட்டினேன். அவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி வாசிக்கச் சொன்னார். நம் வீட்டு வழக்கம் அவருக்கும் இருக்கிறது. இரண்டாம் தடவை வாசித்து முடித்ததும், "சரின்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி படம் காட்டப் போகிறேன். தோட்டத்துப் பெண்ணைப் பற்றி நீ சொன்னதைச் சொல்வேன், உன் பெயரைச் சொல்லி.

நன்றி என்று எழுதினால் என்னை ஏன் வேற்று மனுஷியாக்குகிறீர்கள் என்று நீ சண்டைக்கு வருவாய். வா. உனக்கும் மாமாவுக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எந்த நிறத்தில் தீட்டினாலும் விரிப்பு போதாது.

சட்டத்துக்குத் தங்கப் பூச்சு வேண்டாம் என்கிறார் அவர். அந்தக் கால ஓவியர்கள் சிலர் வெள்ளைச் சட்டம்தான் போட்டார்களாம். படத்தின் நிறத்தை அது விழுங்காதாம். உன் அண்ணன் போட்டோவுக்கும் அப்படிப் போடலாமா என்று மாமாவைக் கேட்கச் சொன்னார். மாட்டப் போகிற சுவர் என்ன நிறம் என்றும் கேட்கிறார். அடுத்த மாதம் இருவரும் வருகிறோம்.

அன்புடன்,
அண்ணி

செப்டம்பர் 1

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் அமோகம். என் வீட்டுக்காரர்கூட நீங்கள் வரும் நாளில் லாரியை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாராம்.

வெள்ளைச் சட்டமே இருக்கட்டும் என்கிறார் அப்பா. டேப்பை அவரே பிரித்துவிட்டு, போட்டோவைத் துடைத்து என் அலமாரியில் வைத்திருக்கிறார். சுவருக்கு நேற்றுத்தான் புதுப் பெயிண்ட் அடித்தோம். ஊதா. எந்த ஊதா என்று நீங்களே வந்து பாருங்கள்.

கடிதத்தை ஒட்டப் போனேன். அப்பா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

உங்கள்,
முந்திரிக்கொட்டை

மகளுக்கு,

முழங்கால் தேவலை. பிரயாணத்தில் ஜாக்கிரதை. ஆணி புதிதாக அடித்திருக்கிறேன், பலமாக இருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
அப்பா